நறுக்காத கரும்பு

மேலக்கரையூர்,
திருத்துறைப்பூண்டி வழி.
செப்டம்பர் 5

அன்புத் தங்கை அறிவுமதிக்கு,

அண்ணன் தங்கையன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி தங்கம்மாள், இரண்டு பசு, ஒரு கன்று எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் உடம்பும் மாப்பிள்ளை சேரன் உடம்பும் எப்படி என்று மறக்காமல் எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் அண்ணிக்கு இன்னும் புரியவில்லை. "உங்க தங்கச்சி தபாலாபீஸ்ல உட்கார்ந்திருக்கா. அதுக்கு யாவாரம் வேணும்ல" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உன் கிளை அஞ்சலகத்துக்கு என்னை விட்டால் கடிதம் போட ஆள் ஏது?

வியாழக்கிழமை மன்னார்குடி போய் டாக்டர் வானதியைப் பார்த்தேன். விரல் மூட்டெல்லாம் அழுத்திப் பார்த்தார். முடக்குவாதம் அடங்கித்தான் இருக்கிறதாம். நாலு வருடமாகச் சாப்பிடுகிற ஸ்டீராய்டு மாத்திரை காலையில் ஒன்று, அப்படியே தொடரச் சொன்னார். பிறகு, "போன மார்கழியில ஃப்ளூ வந்து பதினோரு நாள் படுத்தீங்கள்ல? இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குக் காய்ச்சல் வந்தா லேசுல விடாது. அடைமழைக்கு முன்னாடி ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்குங்க" என்றார். அக்டோபர் 13-க்கு நர்ஸ் சாஜிதா என் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

உனக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். போன பொங்கலுக்குத்தான் முதல் தடவையாக நான் சீர் கொண்டு வரவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தேன். உன் அண்ணி சேலையையும் அரிசி வெல்லத்தையும் பெட்டியில் கட்டித் தபாலில் அனுப்பினாள். கரும்பு பெட்டிக்குள் போகவில்லையென்று அதைச் சாண் சாணாக நறுக்கி வைத்தாளாம். அதைக் கேட்டு நான் வார்டில் அழுதேன். இந்தப் பொங்கலுக்கு நானே கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்பேன். அதற்காகவே இந்த ஊசி.

உன் அண்ணன்,
தங்கையன்

கீழைத்தோப்பு,
பூம்புகார் வழி.
செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நானே பையைப் பிரித்து, நானே முத்திரை குத்தி, நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். எனக்குச் சுகத்தில் குறைவில்லை. உங்கள் மாப்பிள்ளைக்கு மட்டும் வாய் ஓயாத வியாதி, அது பழையது.

கடிதம் கேட்பது அஞ்சலகத்துக்காக என்று அண்ணி நினைத்துக்கொண்டிருக்கட்டும். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். போனில் நீங்கள் எப்போதும் "நல்லாருக்கேம்மா" என்பீர்கள். வார்டில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் அதைத்தான் சொன்னீர்கள். உங்கள் கையெழுத்துக்குப் பொய் சொல்ல வராது. மூட்டு வலித்தால் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கும். இந்தக் கடிதத்தில் எல்லா எழுத்தும் கோட்டின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம்.

போன பொங்கல் சீரை நானே பட்டியலில் ஏற்றி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அந்தக் கரும்புத் துண்டுகளைப் பார்த்துவிட்டு உங்கள் மாப்பிள்ளை, "என்ன மதி, ஒங்கண்ணன் விறகு அனுப்பியிருக்காரு" என்றார். சிரித்துவிட்டுக் கொல்லைக்குப் போய் அழுதேன். வாருங்கள். முழுக் கரும்போடு வாருங்கள்.

ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எங்கே குத்தினார்கள், எவ்வளவு நீளம் என்ற விவரமெல்லாம் எனக்கு எழுத வேண்டாம்.

தங்கள் தங்கை,
அறிவுமதி

மேலக்கரையூர்
செப்டம்பர் 24

அன்புத் தங்கைக்கு,

இங்கே மனிதர்கள், மாடுகள், பயிர் எல்லாம் நலம். கடைமடைக்கும் தண்ணீர் வந்துவிட்டதால் ஊரே சேற்றில் நிற்கிறது.

ஊசி என்றதும் நீ பயந்து எழுதியதைப் படித்து நானும் அண்ணியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளுக்கு அந்தப் பழைய கதையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த வந்தார்களே, உனக்கு ஏழு வயது, எனக்கு ஒன்பது. நீ மதிய உணவு அண்டாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். எனக்கு இடது கையில் குத்தியாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து "அறிவுமதி" என்று கூப்பிட்டார்கள். ஆணா பெண்ணா என்று பெயரில் தெரியாதே. நான் மறுபடியும் வரிசையில் போய், "நாந்தாங்க அறிவுமதி" என்று வலது கையை நீட்டினேன். இன்றைக்கும் வலது கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. உன் அண்ணி தடவிப் பார்த்துவிட்டு, "இது எம் புருசனோடது இல்ல, நாத்தனாரோடது" என்கிறாள்.

இந்த வாரம் விதைப்பு. விதையில் உயிர் உரம் கலந்து நிழலில் உலர்த்தித் தெளித்தோம். வேளாண்மை ஆபீசர் வந்து நின்று சொன்னார்: "இதுல இருக்கறது உசுருள்ள நுண்ணுயிருங்க. இது கூட மருந்தச் சேர்த்துப் போட்டீங்கன்னா செத்துப்போயிடும். நடுவுல இடைவெளி விடணும்." அதைக் கேட்டதும் எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. ஊசி விஷயத்திலும் அதே மாதிரி ஒரு யோசனை வைத்திருக்கிறேன். டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, எல்லாம் வயல் கணக்குத்தான். போட்டுக்கொண்ட பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்,
தங்கையன்

கீழைத்தோப்பு
செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். காற்று திரும்பிவிட்டது, கடல் இரைகிறது. மீன் விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

என்ன யோசனை அது? உங்கள் யோசனைகள் எனக்குத் தெரியாதா? எலி பிடிக்கப் புது மாதிரியாகக் கிட்டி வைத்து, மறுநாள் காலையில் அதில் நீங்களே கால் வைத்தீர்கள். டாக்டரிடம் சொல்ல முடியாத யோசனை எதுவானாலும் அதை விட்டுவிடுங்கள். பதில் போடுங்கள், விவரமாக.

அந்த அண்டா கதையை அண்ணியிடம் சொன்னதற்கு நேரில் வரும்போது கவனித்துக்கொள்கிறேன். கொரோனா ஊசியும் அஞ்சலகத்துக்கே வந்து மடக்கித்தான் போட்டார்கள். மயங்கி விழுந்து மேசையில் இடித்துக்கொண்டேன். நானாகப் போய்க் கை நீட்டியவள் இல்லைதான். அதற்கென்ன இப்போது?

தங்கை,
அறிவுமதி

மேலக்கரையூர்
அக்டோபர் 7

தங்கைக்கு,

நலம். அங்கும் நலம் என்று நினைக்கிறேன். 13-ந் தேதி ஊசி. வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

தங்கையன்

கீழைத்தோப்பு
அக்டோபர் 10
விரைவுத் தபால்

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. உங்கள் கடிதம் என் முன்னால் இருக்கிறது. "நலம்" என்று எழுதிய சொல்லே கோட்டை விட்டு இறங்கி அடுத்த வரியில் போய் விழுந்திருக்கிறது. பேனாவை முஷ்டியில் பிடித்து எழுதியிருக்கிறீர்கள்.

போன் போட்டேன். "நல்லாருக்கேம்மா" என்றீர்கள். அண்ணி நாற்றுக்குப் போயிருக்கிறாள் என்றீர்கள். உங்கள் செப்டம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். உயிர் உரம், மருந்து, இடைவெளி. அண்ணா, நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா?

இந்தக் கடிதம் ஏன் விரைவுத் தபாலில் வருகிறது தெரியுமா? இதை வாங்கினால் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் ஊர்த் தபால்காரர் தமிழரசனிடம் பேசிவிட்டேன். நீங்கள் பேனா பிடிக்கிற அழகை அவர் நின்று பார்ப்பார். பிடிக்க முடியவில்லையென்றால் உங்களை வண்டியில் ஏற்றி மன்னார்குடிக்குக் கொண்டு போவார். அவரிடம் கோபப்பட வேண்டாம், எல்லாம் என் ஏற்பாடு.

அறிவுமதி

மேலக்கரையூர்
அக்டோபர் 14

அன்பு நாத்தனார் மதிக்கு,

அண்ணி தங்கம்மாள் எழுதிக்கொண்டது. உன் அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். முதல் வரியிலேயே இதை எழுதிவிட்டேன், இனி நீ நிதானமாகப் படிக்கலாம்.

சனிக்கிழமை தமிழரசன் தம்பி வந்து பேனாவை நீட்டினார். இவரால் விரலை மடக்க முடியவில்லை. "கட்டை விரல் வச்சுக்கலாமா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு முன்னால் வரப்பில் இரண்டு தடவை வாந்தி, தலைசுற்றல். என்னிடம் வெயில் என்று சொல்லியிருந்தார். தமிழரசன் ஒரு ஆட்டோவைப் பிடித்து என்னையும் ஏற்றிக்கொண்டு மன்னார்குடிக்குக் கொண்டுபோனார்.

எட்டு நாளாக மாத்திரை சாப்பிடவில்லையாம். தினமும் காலையில் எனக்கு எதிரே வாயில் போட்டுக்கொண்டு, நான் திரும்பியதும் எடுத்து விதை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். எட்டு மாத்திரையும் அதில் இருந்தது. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாருங்க நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. உயிர் உரம் போடறப்ப மருந்து சேர்க்கக் கூடாதுல்ல. ஊசியில உள்ள உசுர மாத்திரை கொன்னுடுமேன்னு, நடுவுல பத்து நாள் இடைவெளி விடலாம்னு இருந்தேன்."

டாக்டரம்மா கோபப்பட வந்தவர் சிரித்துவிட்டார். "ஐயா, நான் போடப்போற ஊசியில உசுரே கெடையாது. செத்த கிருமிதான். செத்தத உங்க மாத்திரை எப்படிய்யா திரும்பச் சாகடிக்கும்?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். நாலு வருடம் மாத்திரைக்குப் பழகிய உடம்பு, அது தானாகச் சுரக்கிற சத்தை மறந்திருக்குமாம். திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடுமாம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரண்டு நாள் டிரிப் ஏற்றி, மாத்திரையைத் திரும்பத் தொடங்கி அனுப்பினார்கள். உடம்பு தேறிய பிறகு ஊசி. மாத்திரையோடு போட்டால் ஊசி கொஞ்சம் மந்தமாக வேலை செய்யலாமாம், அதனால் வீட்டில் இருப்பவர்களும், அவர் போய்த் தங்குகிற வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொண்டால் நல்லது என்றார். நான் அங்கேயே போட்டுக்கொண்டேன்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றார் உன் அண்ணன். எழுதிவிட்டேன். நீ மட்டும் அந்த எழுத்தைப் படிக்காமல் இருந்திருந்தால், நினைக்கவே பயமாக இருக்கிறது மதி.

அண்ணி,
தங்கம்மாள்

கீழைத்தோப்பு
அக்டோபர் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம், இரண்டாம் தடவை அழுகை, மூன்றாம் தடவை விதை டப்பாவில் எட்டு மாத்திரை கிடந்ததை நினைத்துச் சிரிப்பு. முளைத்ததா?

எனக்கு நீங்கள் வேண்டும். கரும்பு இரண்டாம் பட்சம். இனிமேல் மாத்திரையை நிறுத்துவதென்றால் டாக்டரைக் கேளுங்கள், வேளாண்மை ஆபீசரைக் கேட்காதீர்கள். அவர் நெல்லுக்குத்தான் படித்தவர்.

டாக்டரம்மா சொன்னபடி இங்கேயும் ஏற்பாடு செய்துவிட்டோம். சீர்காழியில் ஒரு கிளினிக்கில் உங்கள் மாப்பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று. மகனுக்கும் மருமகளுக்கும் போட்டாயிற்று. பக்கத்து வீட்டு ஜாபிர் கூடப் போட்டுக்கொண்டார், நீங்கள் வந்தால் சீட்டாட அவர்தானே வருவார். தீபாவளிப் பலகாரம் தமிழரசன் வீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்பியிருக்கிறேன்.

தங்கை,
அறிவுமதி

மேலக்கரையூர்
நவம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தில் கோட்டுக்கு மேலே எத்தனை எழுத்து, கீழே எத்தனை எழுத்து என்று நீயே எண்ணிக்கொள். உடம்பு பழையபடி ஆகிவிட்டது. நேற்று ஊசியும் போட்டாயிற்று. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனேன், அண்ணி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நீ விவரம் வேண்டாம் என்றதால், சாஜிதா நல்ல கைக்காரர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்றைக்குக் கை லேசாக வலிக்கிறது. காலையில் வயலைச் சுற்றி வந்தேன்.

எழுத்தைப் படிக்க உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதே. உன் போன கடிதத்தில் மாப்பிள்ளை பெயர் இருக்கிறது, மகன், மருமகள், ஜாபிர் வரைக்கும் இருக்கிறது. ஒரு பெயர் மட்டும் இல்லை.

அதற்காக நீ வருத்தப்படாதே. உன்னை எனக்குத் தெரியும். பொங்கலன்று நான் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து, சீரை வாசலில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். உன்னைப் பார்த்தால் போதும்.

அண்ணன்,
தங்கையன்

மேலக்கரையூர்
டிசம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் "நல்லாருக்கேண்ணா" என்கிறாய். அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகியவன் நான், என்னிடமே சொல்கிறாய். வாசலில் நிற்பதாக எழுதியது உனக்குச் சுருக்கென்று தைத்திருக்கும் என்று அண்ணி திட்டுகிறாள். தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்.

மழை விடாமல் பெய்து வயலில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்துவிட்டது, பயிர் தப்பியது. ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், இருமல். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஒரு வரியாவது போடு.

தங்கையன்

கீழைத்தோப்பு
டிசம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். என் கை மட்டும் வலிக்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சுருக்கென்று தைத்தது உண்மைதான். என் வீட்டு வாசலில் என் அண்ணன் கொரியர்காரர் மாதிரி நின்றுவிட்டுப் போவதா? அன்றைக்கே சீர்காழிக்குப் போனேன். கிளினிக் வாசல் வரை போய், எதிர்க்கடையில் ஒரு குடம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி போனேன், ஒரு டிபன் கேரியரோடு வந்தேன். மூன்றாம் தடவை உள்ளே போய் உட்கார்ந்தேன். நர்ஸ் ட்ரேயோடு வருவதைப் பார்த்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை, "இன்னும் ரெண்டு தடவ போனீன்னா நமக்குப் பாத்திரக் கடையே வச்சிரலாம்" என்றார். உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றும் இல்லை. அதனால்தான் பதில் இல்லை.

உங்கள் டிசம்பர் கடிதம் மழையில் தாமதமாகிப் போன வெள்ளிக்கிழமைதான் வந்தது. என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று எனக்கு அசிங்கமாக இருந்தது. மறுநாளே போனேன். ஜாபிரை வாசலில் நிறுத்தி, நான் எழுந்து வந்தால் கதவைச் சாத்தச் சொன்னேன். நர்ஸ் நோட்டைத் திறந்து பேர் என்ன என்று கேட்டார்.

அண்ணா, ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வரிசையில் என் பேரை நீங்கள் சொன்னீர்கள். இந்தத் தடவை நானே சொன்னேன். "நாந்தாங்க அறிவுமதி" என்று சொல்லிவிட்டு வலது கையை நீட்டினேன். இடது கையில்தான் வழக்கமாகப் போடுவார்களாம். நான் வலது கைதான் என்று பிடிவாதம் பிடித்தேன். மயங்கவில்லை. கொஞ்சம் அழுதேன், அது வலியால் இல்லை.

வாசலில் நிற்கிற பேச்செல்லாம் இனி வேண்டாம். உள்ளே வாருங்கள், நாலு நாள் தங்குங்கள், அண்ணியும் வர வேண்டும். கரும்பை நறுக்காமல் கொண்டு வாருங்கள்.

தங்கள் தங்கை,
அறிவுமதி

ஜனவரி 14
மயிலாடுதுறை தாண்டி, பஸ்ஸில்

அன்புத் தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். இன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டாயிற்று, சாட்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், உனக்கு ஒரு கத்தரிப்பூக் கலர் சேலை. கரும்பு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டக்டர் இரண்டு தடவை சண்டைக்கு வந்தார். "ரெண்டா வெட்டி உள்ள வைங்க பெரியவரே" என்றார். அதுக்கு மட்டும் முடியாது தம்பி என்று சொல்லிவிட்டேன்.

இந்த மாதக் கடிதம் பாக்கி இருக்கக் கூடாதென்று இதை எழுதுகிறேன். தபால்தலை ஒட்டவில்லை. உன் கையிலேயே கொடுப்பேன், வேண்டுமானால் முத்திரை குத்திக்கொள்.

எழுத்து ஏறியும் இறங்கியும் இருக்கிறதே என்று பதறிவிடாதே. எனக்கு ஒன்றும் இல்லை, பஸ்தான் ஆடுகிறது.

தங்கையன்